27 வயதுக்குள் இரண்டே வாய்ப்பு: ராணுவ அதிகாரியாக விரும்பும் பொறியாளருக்குப் பதில்

வாசகரின் கடிதம், சுருக்கமாக

ராணிப்பேட்டை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் ஜூலைக் கடைசியில் எழுதியிருக்கிறார். பி.இ. மெக்கானிக்கல் முடித்தவர். நான்கு ஆண்டுகளாக ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறார். கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய். கல்விக் கடனில் இன்னும் இரண்டு லட்சம் பாக்கி. வரும் செப்டம்பரில் 26 வயது முடிகிறது. திருமணம் ஆகவில்லை. தை மாதத்தில் முடித்துவிடலாம் என்று வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

சிறு வயதிலிருந்தே ராணுவ ஆசை. இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றுகிறதாம். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் பயிற்சி மையத்தில் சேர்ந்து சி.டி.எஸ். தேர்வுக்கு (பட்டதாரிகளைப் படை அதிகாரிகளாகச் சேர்க்கும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு) படிக்கத் திட்டமிட்டிருக்கிறார். எம்.பி.சி. பிரிவு என்பதால் மூன்று ஆண்டு வயதுச் சலுகை உண்டு என்று அந்த மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி அணிபவர் (வலது −1.5, இடது −1.75). ஆகஸ்டில் லேசிக் (பார்வையைச் சரிசெய்யும் லேசர் அறுவை) செய்துகொள்ள முன்பணமும் கட்டியாகிவிட்டது. உயரம் 172 செ.மீ., எடை 79 கிலோ. முன்கையின் உட்புறத்தில் அம்மாவின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஹவில்தாரான தாய்மாமா, "இப்பல்லாம் நாலு வருஷத்துல வீட்டுக்கு அனுப்பிடுறாங்கப்பா" என்கிறார். நான்கு ஆண்டு அனுபவத்துக்குக் கூடுதல் பதவி உண்டா, இந்தி தெரியாவிட்டால் சிக்கலா, டெரிட்டோரியல் ஆர்மி என்ற பகுதிநேரப் படையில் சேர்ந்தால் வேலையையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் தங்கைக்கும் வழி இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் லேசிக்கைத் தள்ளிப்போடுங்கள். முன்பணம் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை. அதேபோல ராஜினாமாக் கடிதமும் இப்போது வேண்டாம். இந்த இரண்டும் ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். உங்கள் ஆசை நடக்கக்கூடியதுதான். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு படியும் அதற்குக் குறுக்கே நிற்கிறது.

வயதுக் கணக்கு

சி.டி.எஸ். தேர்வு உங்களுக்கு இனி இல்லை. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் அந்தத் தேர்வில் டேராடூன் ராணுவ அகாதெமிக்கு 24 வயது, சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாதெமிக்கு 25 வயது உச்ச வரம்பு. வயதைத் தேர்வு நாளில் கணக்கிடுவதில்லை. சென்னை அகாதெமிக்கு அக்டோபரில் தொடங்கும் பயிற்சி என்றால் அந்த ஆண்டின் ஜூலை 1, ஏப்ரலில் தொடங்குவது என்றால் ஜனவரி 1 தான் கணக்குத் தேதி. தேர்வுக்கும் பயிற்சிக்கும் இடையே ஓராண்டு ஓடிவிடும். இப்படிப் பார்த்தால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய செப்டம்பர் தேர்வுதான் உங்களுக்குக் கடைசி வாய்ப்பாக இருந்தது.

எம்.பி.சி. சலுகை என்று சொன்னவர்கள் அறியாமல் சொன்னார்களா, கட்டணத்துக்காகச் சொன்னார்களா என்பது எனக்குத் தெரியாது. ராணுவ அதிகாரித் தேர்வில் சாதி அடிப்படையில் வயதுத் தளர்வும் கிடையாது, இடஒதுக்கீடும் கிடையாது. சி.டி.எஸ்.ஸில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் இருப்பது விண்ணப்பக் கட்டண விலக்கு மட்டும். வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. எழுத்தர் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. என்று பழகியவர்கள் இங்கேயும் அதே விதி இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விமானப்படையின் ஏ.எஃப்.கேட். தேர்வில் தரைப்பணிப் பிரிவுக்கு 26 வரை உண்டு என்றாலும், அங்கும் பயிற்சி தொடங்கும் மாதத்தை வைத்துத்தான் கணக்கு. ஆகவே அதுவும் உங்களுக்கு முடிந்துபோனது.

மிச்சம் இருப்பது பொறியாளர்களுக்கென்றே உள்ள இரண்டு வழிகள். இரண்டுக்கும் 27 வயது வரை அனுமதி. இரண்டிலும் எழுத்துத் தேர்வு இல்லை, விண்ணப்பக் கட்டணமும் இல்லை. பி.இ. மதிப்பெண்ணை வைத்து வடிகட்டி நேராக எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நடத்தும் ஐந்து நாள் நேர்முகத்துக்கு அழைப்பார்கள்.

முதலாவது எஸ்.எஸ்.சி. டெக்னிகல், அதாவது குறுகியகால அதிகாரிப் பணி. (எழுத்தர் தேர்வு நடத்தும் எஸ்.எஸ்.சி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆண்டுக்கு இரண்டு பயிற்சி, ஏப்ரலிலும் அக்டோபரிலும். ஏப்ரல் பயிற்சிக்கு ஏப்ரல் 1 அன்று 27ஐத் தாண்டியிருக்கக் கூடாது. அன்று உங்களுக்கு 26 வயது ஏழு மாதம், தகுதி உண்டு. அக்டோபர் பயிற்சிக்கு அக்டோபர் 1 அன்று கணக்கிடுவார்கள். சில வாரங்கள் வித்தியாசத்தில் நீங்கள் வெளியே. ஆக வரும் ஏப்ரல் மட்டும்தான். அதற்கான விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் ஜூலை நடுவில் திறந்து ஆகஸ்ட் நடுவில் மூடப்பட்டிருக்கிறது. இதைப் படிக்கும் இன்றே ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தைத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது டி.ஜி.சி. எனப்படும் தொழில்நுட்பப் பட்டதாரிகள் பயிற்சி. இதில் தேறினால் டேராடூனில் பயிற்சி, முடிந்ததும் நிரந்தரப் பணி. ஜனவரிப் பயிற்சிக்கான விண்ணப்பக் காலம் கோடையிலேயே முடிந்துவிட்டது. அடுத்த ஜூலைப் பயிற்சிக்கு ஜூலை 1 அன்று உங்களுக்கு 26 வயது ஒன்பது மாதம். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும். அதற்குப் பிந்தைய ஜனவரிக்குள் உங்களுக்கு 27 கடந்திருக்கும்.

எனவே கையில் இருப்பவை இரண்டே முயற்சிகள். இரண்டில் இடங்களும் சமமல்ல. டி.ஜி.சி.க்கு அண்மை அறிவிப்புகளில் எல்லாப் பிரிவுகளுக்கும் சேர்த்தே 30 இடங்கள்தான். மெக்கானிக்கலுக்கு அதில் ஒரு சிறு பங்கு. எஸ்.எஸ்.சி. டெக்னிகலில் ஆண்களுக்கு 350 இடங்கள் வரை வருகின்றன. முதல் முயற்சியை ஒத்திகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையான வாய்ப்பு அதில்தான் அதிகம்.

விண்ணப்பத்தில் வழுக்கும் இடங்கள்

படித்தவர்களே தவறவிடுவது மூன்று விஷயங்களை. ஒன்று, பட்டத்தின் பெயர். அறிவிப்பில் எந்தெந்தப் பிரிவுப் பட்டங்கள் ஏற்கப்படும் என்று பட்டியல் இருக்கும். உங்கள் பட்டச் சான்றிதழில் உள்ள பெயர் அந்தப் பட்டியலோடு அப்படியே பொருந்த வேண்டும். 'மெக்கானிக்கல்' என்பது சிக்கல் இல்லாத பெயர். 'மெக்கானிக்கல் அண்ட்' என்று இன்னொரு சொல்லோடு நீண்டால் பட்டியலை வரிவரியாகப் பாருங்கள்.

இரண்டு, சதவீதம். உங்கள் மதிப்பெண் சி.ஜி.பி.ஏ.யில் இருக்கிறது. விண்ணப்பத்தில் கேட்பது சதவீதம். நண்பர் சொன்ன கணக்கைப் போடாமல் உங்கள் பல்கலைக்கழகம் வெளியிட்ட வாய்பாட்டின்படி மாற்றி, அதற்கான சான்றையும் வாங்கி வையுங்கள். எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரியைத்தான் எழுத வேண்டும். கூட்டிப் போட்டது எஸ்.எஸ்.பி.யில் சான்றிதழ் சரிபார்க்கும்போது தெரிந்தால் அங்கேயே விண்ணப்பம் ரத்து.

மூன்று, பெயரும் இனிஷியலும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் ஓரெழுத்தாக இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், பட்டச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழே அடிப்படை. அதில் உள்ளபடி எழுதுங்கள். மாறுபாடு இருந்தால் திருத்தும் வேலையை இப்போதே தொடங்குங்கள்.

கண், எடை, பச்சை

லேசிக் விஷயத்துக்கு வருகிறேன். ராணுவத்தில் கண்ணாடி தடையல்ல. பட்டதாரிகளுக்கான தரைப்படை அதிகாரித் தேர்வில் கண்ணாடி இல்லாமல் ஒவ்வொரு கண்ணிலும் 6/60, கண்ணாடியோடு 6/6 தெரிய வேண்டும். கிட்டப்பார்வை −3.5ஐத் தாண்டக் கூடாது. உங்கள் −1.5, −1.75 இந்த வரம்புக்குள் வசதியாக அடங்குகிறது. கண் மருத்துவரிடம் போய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நிறக்குருடு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பலருக்கு அது தமக்கு இருப்பதே ராணுவ மருத்துவமனையில்தான் தெரியவருகிறது.

லேசிக்குக்கும் அனுமதி உண்டு. 20 வயதுக்குப் பிறகு செய்திருக்க வேண்டும், செய்து 12 மாதம் கடந்திருக்க வேண்டும், கருவிழியின் தடிமனும் கண்ணின் நீளமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். இந்த 12 மாதம்தான் உங்களுக்குக் கண்ணி. ஆகஸ்டில் செய்தால் அடுத்த ஆகஸ்ட் வரை தகுதியில்லை. உங்கள் இரண்டு முயற்சிகளின் மருத்துவப் பரிசோதனையும் அதற்கு முன்பே வந்துவிடும். இப்போது தகுதியாக உள்ள கண்ணைக் காசு கொடுத்துத் தகுதியற்றதாக்கிக்கொள்வீர்கள்.

முன்கையின் உட்புறத்தில், முழங்கை முதல் மணிக்கட்டு வரை உள்ள பச்சைக்கு அனுமதி உண்டு. புறங்கையிலும் பரவாயில்லை. தோள், மார்பு, கழுத்தில் என்றால் சிக்கல். உங்கள் அம்மாவின் பெயர் சரியான இடத்தில்தான் இருக்கிறது. இனி வேறெங்கும் குத்திக்கொள்ள வேண்டாம்.

எடைதான் வேலை வைக்கும். 172 செ.மீ.க்கு 79 கிலோ அதிகம். உயரம், வயது இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அட்டவணை அவர்களிடம் இருக்கிறது. 68 கிலோவுக்கு அருகில் இருந்தால் அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 11 கிலோ குறைக்க நான்கைந்து மாதம் இருக்கிறது. பட்டினி கிடந்து கடைசி இரண்டு வாரத்தில் குறைப்பவர்கள் எஸ்.எஸ்.பி. மைதானத்தில் தடை தாண்டும்போது மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள். அகாதெமிக்குள் நுழையும்போது 2.4 கி.மீ. தூரத்தை 10 நிமிடம் 30 விநாடியில் ஓடி, 40 தண்டாலும் 6 புல்-அப்பும் எடுக்கும் நிலையில் வரச் சொல்கிறார்கள். வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம், ஷிப்ட் முடிந்த பிறகானாலும் சரி. புல்-அப் ஒன்றுகூட எடுக்க முடியாதவர்கள்தான் பெரும்பாலோர். இன்றே ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கத் தொடங்குங்கள். நீச்சல் தெரியாவிட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சிறு விஷயங்கள்போலத் தோன்றும், ஆனால் நிறையப் பேரைத் திருப்பி அனுப்புபவை அவைதான்: காதில் அழுக்கு அடைத்திருப்பது, மூக்கின் நடுச்சுவர் வளைந்திருப்பது, தட்டைப் பாதம், முட்டி உரசுவது, காலில் நரம்புச் சுருட்டு, விரைவீக்கம், சொத்தைப் பல். ஒரு பொது அறுவை மருத்துவர், ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர், ஒரு பல் மருத்துவர் என மூன்று பேரை இந்த மாதமே பாருங்கள். அறுவை தேவைப்படுவது ஏதேனும் இருந்தால் ஆறித் தேற அவகாசம் வேண்டும்.

ஒருவேளை மருத்துவக் குழு தகுதியில்லை என்றால் அதோடு முடிந்துவிடவில்லை. 42 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் ஆஜராகலாம். எந்த ராணுவ மருத்துவமனை, எப்படி என்பதை முதல் குழுவின் தலைவரே சொல்லி அனுப்புவார். எதற்காக நிராகரித்தார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே குறைக்கு வெளியில் சிகிச்சை எடுத்து, மேல்முறையீட்டில் தேறியவர்கள் நிறையப் பேர்.

எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள்

தென்னிந்தியர்களுக்குப் பெரும்பாலும் பெங்களூரு மையம் கிடைக்கும். அலகாபாத்துக்கோ போபாலுக்கோ அழைத்தாலும் போக வேண்டியதுதான். குறிப்பிட்ட ஒரு வகைச் சேர்க்கைக்கு முதல்முறை போகும்போது மூன்றாம் வகுப்பு ஏ.சி. ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், பயணச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

முதல் நாளே பாதிக்கு மேற்பட்டவர்கள் வீடு திரும்புவது சாதாரணம். காலையில் பகுத்தறியும் திறன் வினாத்தாள்கள் இரண்டு. அடுத்து ஒரு மங்கலான படத்தை 30 விநாடி திரையில் காட்டுவார்கள். அதில் எத்தனை பேர், ஆணா பெண்ணா, வயது என்ன, மனநிலை என்ன என்று ஒரு நிமிடத்தில் குறித்து, நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். பிறகு பதினைந்து பேர் அரைவட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் தம் கதையைச் சொல்லி, எல்லோரும் பேசி ஒரே கதைக்கு வர வேண்டும். இங்கே சந்தைக்கடை ஆகிவிடும். கத்துபவரும் தேறமாட்டார், வாய் திறக்காதவரும் தேறமாட்டார். இரண்டு பேர் சொன்னதை ஒட்டிச் சேர்த்து, "இதுவரை இங்கே உடன்பட்டிருக்கிறோம், அடுத்தது இது" என்று சொல்லத் தெரிந்தவரை மதிப்பீட்டாளர் கவனிப்பார். தரக்கட்டுப்பாட்டுக் கூட்டங்களில் உற்பத்திப் பிரிவோடு நீங்கள் தினமும் செய்வது இதைத்தான்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. 12 படங்களுக்கு (கடைசி ஒன்று வெற்றுத் திரை) தலா நான்கு நிமிடத்தில் கதை, 60 சொற்களுக்குத் தலா 15 விநாடியில் ஒரு வாக்கியம், 60 சூழ்நிலைகளுக்கு 30 நிமிடத்தில் எதிர்வினை, பெற்றோர், ஆசிரியர், நண்பர், நீங்களே உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று 15 நிமிடக் குறிப்பு. பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த வாக்கியங்களை எழுதுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. தாளில் வீரராகவும், மைதானத்தில் பின்வரிசையிலும், நேர்முகத்தில் தயங்குபவராகவும் ஒருவர் தெரிந்தால் மூன்று மதிப்பீடும் ஒத்துப்போகாது. உளவியலாளர், குழுப் பணி அதிகாரி, நேர்முக அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியே மதிப்பிட்டுக் கடைசி நாள் கூட்டத்தில்தான் ஒப்பிடுகிறார்கள்.

மைதானத்தில் பலகை, கட்டை, கயிறு கொடுத்து ஒரு குழுவை அக்கரை சேர்க்கச் சொல்வார்கள். சிவப்பு வண்ணம் அடித்த இடத்தைத் தொடக் கூடாது. தனித் தடைகள் பத்து, நேரம் மூன்று நிமிடம். மூன்று நிமிடம் தயாரித்து மூன்று நிமிடம் பேசும் சொற்பொழிவும் உண்டு. நேர்முகத்தில் உங்கள் தொழிற்சாலையைத் தோண்டுவார்கள். உங்களுக்குக் கீழே எத்தனை ஒப்பந்தத் தொழிலாளர்கள், கடைசியாக எந்தப் பாகம் திரும்பி வந்தது, ஏன், நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், அது தப்பாகப் போனதா? பணியில் இருப்பவர்களுக்குக் கல்லூரியிலிருந்து நேரே வருபவர்களைவிடக் கிடைக்கும் ஒரே அனுகூலம் இந்தப் பதில்கள்தான். வேலையை விட்டுவிட்டுப் போனால், "ஆறு மாதமாக என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு, "இதற்காகப் படிக்கிறேன்" என்பதைத் தவிர உங்களிடம் வேறு பதில் இருக்காது. மேலும் உங்கள் இரண்டு வழிகளிலும் எழுத்துத் தேர்வே இல்லை. ஆறு மாதம் படிக்க அங்கே எதுவும் இல்லை.

இந்தி தெரியாதது தேர்வில் குறையல்ல. ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேச வேண்டும், இலக்கணச் சுத்தமாக இல்லாவிட்டாலும் நினைத்ததைச் சொல்லிவிட வேண்டும். ஜவான்களோடு பழக இந்தி வேண்டும், அது பயிற்சியில் தானாக வரும். சிபாரிசு என்று யாராவது காசு கேட்டால் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

எஸ்.எஸ்.பி.யில் 'ரெகமண்டட்' என்று அறிவித்தாலே சேர்ந்துவிட்டதாக ஊரில் பேனர் கட்டிவிடாதீர்கள். மருத்துவத்தில் தேற வேண்டும், பிறகு உங்கள் பொறியியல் பிரிவுக்கான தகுதிப் பட்டியலில் இட எண்ணிக்கைக்குள் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் சேர்க்கைக் கடிதம்.

பதவி, பணம், எத்தனை ஆண்டு

தொழிற்சாலை அனுபவத்துக்குக் கூடுதல் பதவி கிடையாது. எல்லோரும் லெப்டினன்ட்தான். 2 ஆண்டில் கேப்டன், 6 ஆண்டில் மேஜர், 13 ஆண்டில் லெப்டினன்ட் கர்னல். நீங்கள் தோளில் நட்சத்திரம் ஏற்றும்போது 27½ வயது. பள்ளி முடித்ததுமே என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாதெமி) வழியாக வந்த 24 வயதுக் கேப்டனுக்கு நீங்கள் சல்யூட் வைப்பீர்கள். இது உறுத்தும் என்றால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எஸ்.சி. பயிற்சி 49 வாரம். அதிகாரிகள் பயிற்சி அகாதெமி சென்னைப் பரங்கிமலையிலும் பிகாரின் கயாவிலும் இருக்கிறது. எங்கே என்பது படையின் முடிவு. வெற்றிகரமாக முடிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு மேலாண்மையில் முதுநிலைப் பட்டயம் தருகிறது. பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. பிடித்தங்கள் போகக் கல்விக் கடன் தவணைக்குத் தாராளமாகப் போதும். அதிகாரியானதும் அடிப்படைச் சம்பளம் அதே 56,100, அதோடு ராணுவப் பணி ஊதியம் 15,500, இரண்டுக்கும் சேர்த்து அகவிலைப்படி, பிற படிகள். பயிற்சிக் காலம் பணிக்காலத்தில் சேராது. நடுவில் சொந்த விருப்பத்தில் விட்டு வந்தால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

உங்கள் மாமா சொன்ன நான்கு ஆண்டு அக்னிவீரர்களுக்கு. அது சிப்பாய் நிலையில் சேர்பவர்களுக்கான திட்டம், அதிகாரிகளுக்குப் பொருந்தாது. எஸ்.எஸ்.சி. அதிகாரிக்கு 10 ஆண்டு. அப்போது நிரந்தரப் பணி கேட்கலாம். கிடைக்காவிட்டாலும் வேண்டாமென்றாலும் மேலும் 4 ஆண்டு நீட்டிக்கலாம், அந்த நான்கில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் மாமாவின் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. 10 அல்லது 14 ஆண்டில் வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, மாத ஓய்வூதியம் இல்லை. அதிகாரிகளுக்கு அதற்கு 20 ஆண்டுப் பணி வேண்டும். 37½ வயதில் ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்து மீண்டும் வேலை தேடும் வாய்ப்பும் இருக்கிறது என்று தெரிந்தே சேருங்கள். டி.ஜி.சி. கிடைத்தால் இந்தக் கவலை இல்லை.

திருமணம்

இரண்டு வழிகளுக்கும் திருமணமாகாதவராக இருக்க வேண்டும். விண்ணப்பித்த பிறகு மணம் செய்தாலும் தகுதி போய்விடும். பயிற்சியின்போது மணம் செய்தால் வெளியேற்றி, செலவையும் வசூலிப்பார்கள். பதிவுத் திருமணத்தை மட்டும் ரகசியமாக முடித்து வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. நிச்சயதார்த்தத்துக்குத் தடையில்லை, தாலி கட்டுவதற்குத்தான் தடை.

ஆகவே இந்தத் தை வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். ஏப்ரல் பயிற்சி கிடைத்தால் அது முடிவது அதற்கடுத்த மார்ச்சில். அதன் பிறகான வைகாசியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு முயற்சியும் பலிக்கவில்லை என்றால் அது அடுத்த ஆண்டு நடுவுக்குள் தெரிந்துவிடும். பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சில பணியிடங்களுக்கு மனைவியை அழைத்துப் போக முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டெரிட்டோரியல் ஆர்மி

இரண்டும் கைகூடாவிட்டால் இது உங்களுக்கு நல்ல வழி. 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது தொடங்கி வைத்த படை இது. அதிகாரியாக 42 வயது வரை விண்ணப்பிக்கலாம், திருமணமும் தடையில்லை. ஆனால் இதை வேலைவாய்ப்பாக நினைக்காதீர்கள். வேறு வேலையோ தொழிலோ, அதிலிருந்து வருமானமோ இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் பயிற்சி. அந்தக் காலத்துக்கும், பணிக்கு அழைக்கப்படும் காலத்துக்கும் மட்டும் சம்பளம். தேவை வந்தால் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் அழைக்கலாம். அப்படிப் போனவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு டெரிட்டோரியல் ஆர்மிச் சட்டம் முதலாளிக்குக் கடமை வைத்திருக்கிறது. ஆனாலும் சேரும் முன் உங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவோடு பேசிவிடுங்கள். தனியார் நிறுவனங்களில் இந்தச் சட்டம் தெரிந்தவர்கள் குறைவு. இதற்கு எழுத்துத் தேர்வு உண்டு, எஸ்.எஸ்.பி.யும் உண்டு, இடங்கள் மிகச் சொற்பம்.

எப்போது ராஜினாமா

சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு. சிக்கல் என்னவென்றால், அந்தக் கடிதத்துக்கும் சேர வேண்டிய நாளுக்கும் இடையே சில வாரங்களே இருக்கும். உங்கள் நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் 60 நாளா 90 நாளா, பணம் கட்டி அதைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று பணி நியமன ஆணையைப் பாருங்கள். முடியும் என்றால் அந்தத் தொகையை இப்போதிருந்தே ஒதுக்கி வையுங்கள். எஸ்.எஸ்.பி.க்கும் மருத்துவத்துக்குமாகச் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பும் மிச்சம் இருக்கட்டும். தீபாவளிக்கு எல்லாவற்றையும் எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள்.

தங்கைக்கு

அவருக்கு உங்களைவிட வழிகள் அதிகம். எந்தப் பட்டமானாலும் கடைசி ஆண்டிலேயே சி.டி.எஸ். எழுதலாம். சென்னை அகாதெமிக்கு ஆங்கிலம், பொது அறிவு என இரண்டு தாள்தான், கணிதம் இல்லை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். என்.சி.சி. 'சி' சான்றிதழ் குறைந்தது 'பி' கிரேடில் இருந்து, பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாத தனி வழியும் உண்டு. விமானப்படைக்கு ஏ.எஃப்.கேட். 1992 முதல் சென்னை அகாதெமியில் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். 2020 பிப்ரவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நிரந்தரப் பணிக்கும் அவர்களைப் பரிசீலிக்கிறார்கள். சி.டி.எஸ். இரண்டாம் சுற்றுக்கான விண்ணப்பம் இந்த ஆண்டு முடிந்துவிட்டது. அடுத்தது டிசம்பர் வாக்கில் வரும், பெண்களுக்குக் கட்டணம் இல்லை.